மிஸ், ஒரு டவுட்

போன வாரம் பாதிக் கணக்கில் குரல் நின்றுபோய், ஏழாம் வகுப்பின் முன்னால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற நம் கணக்கு டீச்சரை நினைத்து உங்களில் சிலர் வருத்தப்பட்டிருப்பீர்கள். குரல் திரும்பிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என்ன செய்வது, திரும்பவில்லை.

தொண்டை டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்த்துப்போகிற மாதிரி, கத்திக் கத்திக் குரல்நாண் காய்த்துப்போயிருக்கிறது என்றார். மறுபடி வந்து காட்டுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்கப்புறமும் இதே வேலையை இதே மாதிரி பார்த்தால் குரல் ஒரேயடியாகப் போய்விடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் டீச்சரைப் பார்த்துச் சொல்லாமல், கூட வந்த கணவரைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர், 'வேலையை விட்டுவிடுகிறேன்' என்று போனில் தட்டி, கணவருக்கும் மகளுக்கும் திருப்பிக் காட்டினாள். இரண்டு பேரும் படித்தார்கள். நன்றாக யோசித்துச் செய் என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷத்துக்கான டைம் டேபிள் போடுகிற நேரம். இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று இன்றைக்குக் கடைசி மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள் என்று பெரிய மிஸ், அதாவது தலைமையாசிரியை, கெடு வைத்திருந்தார்.

காலையில் வீடு கலகலப்பாகவே இருந்தது. கலகலப்புக்குக் காரணம் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே பழைய கதையை எடுத்தார். கல்யாணம் பேசி முடித்த புதிதில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போவார்களாம். ஏறிய இடத்தில் ஆரம்பித்தால் இறங்குகிற இடம் வரைக்கும் டீச்சர் வாயை மூட மாட்டாளாம். இந்த அம்மா ஆளா, ரேடியோவா, ரேடியோ என்றால் லக்கேஜ் டிக்கெட் எடுங்கள் என்று கண்டக்டர் ஒருநாள் சொன்னாராம்.

"கொஞ்ச நேரம் இவ வாய மூடினா தேவலையேன்னு அப்போ நெனச்சேன்," என்று மகளிடம் சொன்னார். "எந்த நேரத்துல நெனச்சேனோ, பலிச்சிருச்சு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அந்தப் பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையும், காற்றில் பறக்கிற முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வந்த பெண்ணும் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வாரிசு மாதிரிகூட இல்லையே நான் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றது.

உண்மையைச் சொல்லப்போனால், வீட்டைப் பொறுத்தவரை டீச்சரின் குரல் போன வாரம் போகவில்லை. அது போய்ப் பல வருஷம் ஆகிறது. நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு வந்தால் வீட்டுக்கென்று மிச்சம் இருக்காது. கையைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இங்கே வா. இரண்டு தட்டு என்றால் சாப்பிட வா. உள்ளங்கையை விரித்து ஆட்டினால் அப்புறம் பார்க்கலாம். அப்பாவும் மகளும் இந்தக் கைபாஷையைக் கரைத்துக் குடித்தவர்கள். 'அப்புறம் பார்க்கலாம்' மகள் பங்குக்குத்தான் அதிகம் வந்தது.

பாடம் நடத்துவது மட்டும்தான் வேலை என்றால் டீச்சர் சிரித்துக்கொண்டே இன்னும் எத்தனையோ வருஷம் ஓட்டியிருப்பாள். இப்போதெல்லாம் பாடம் நடத்துவது ஓரமாக நடக்கிற வேலை. வருகைப் பதிவு ஒரு ஆப்பில், மார்க் இன்னொரு ஆப்பில், போர்டில் எழுதியதைப் போட்டோ பிடித்துப் பெற்றோர் குரூப்பில். மார்க் ஏன் குறைந்தது என்று ஒருவர் சண்டைக்கு வருவார். எல்லாருக்கும் மார்க் ஏறியிருக்கிறதே, கேள்வி சப்பையா என்று இன்னொருவர் வருவார். குளிக்கப் போனாலும் போன் கதவுக்கு வெளியே கிடந்து அலறும்.

இந்த அழகில் பரீட்சை வேறு நெருங்கிவிட்டது. மாற்று ஆள் கிடையாது, டீச்சரிடம் லீவும் கிடையாது. மகள் கணக்கில் பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இங்கேயும் அங்கேயும் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாள். ஆகவே பெரிய மிஸ்ஸே ஒரு வழி சொன்னார். அம்மா போர்டில் எழுதட்டும், மகள் பக்கத்தில் நின்று வாயால் சொல்லட்டும்.

"குரலுக்கு ஆள் போட்டாச்சு. கெளம்புங்க," என்று அவர்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார் கணவர்.

ஏழாம் வகுப்பின் வாசலுக்கு வந்ததும் மகள் தயங்கினாள். அவள் ஏழாம் வகுப்பு படித்ததும் இதே அறையில்தான். பச்சைச் சுவர் இப்போது வெள்ளையாகியிருந்தது. மர பெஞ்சுகள் போய் இரும்பு மேஜைகள் வந்திருந்தன. மூலையில் ஒரு கேமரா. ஆனால் கரும்பலகைக்கு அடியில் சாக்பீஸ் தூள் சேர்கிற பள்ளம் அப்படியே இருந்தது. ஒழுகுகிற இடத்தில் கூரையில் பூசிய திட்டும் இருந்தது. பூசியும் ஒழுகுவது பக்கத்திலேயே கறையாகத் தெரிந்தது. ஜன்னலோரமாக ஓர் இடத்தை மகள் கண்ணால் தேடிப் பிடித்தாள். அது தன் பழைய இடம் என்று அவள் சொல்லவேண்டியதில்லை, டீச்சருக்கே தெரியும்.

டீச்சர் மைனஸ் எண்களின் பெருக்கலை எழுதினாள். மகள் முதலில் தொண்டையைக் கனைத்து, போர்டில் இருப்பதை இருக்கிறபடியே வாசித்தாள். ஒரு சிறுமி கை தூக்கி, மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி ப்ளஸ் ஆகும் என்று கேட்டாள். டீச்சர் விரலால் விதியைத் தட்டிக் காட்டினாள். இதுதான் விதி, எழுதிக்கொள் என்று அதற்கு அர்த்தம். இந்தச் சில வருஷமாக அவள் சொல்கிற பதில் அதுதான்.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வகுப்பைப் பார்த்தாள்.

"எல்லாரும் எழுந்திருங்க. ஜன்னலப் பாருங்க. மைனஸ்னா திரும்பணும். ஒரு மைனஸ், திரும்பு."

நாற்பது பிள்ளைகளும் மேஜை கிறீச்சிட முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

"இன்னொரு மைனஸ். திரும்பு. இப்போ எங்க பாக்கறீங்க?"

ஜன்னலை என்றார்கள்.

"கெளம்பின பக்கத்துக்கே வந்தாச்சு. அதான் ப்ளஸ். உக்காருங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசி வரிசைல யாரோ ஆசைல மூணு தரம் திரும்பிட்டாங்க. அவங்களுக்கு மட்டும் விடை மைனஸ்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரின் கையில் சாக்பீஸ் நின்றுவிட்டது.

அது அவளுடைய பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழை நாளில், பிள்ளைகளுக்குக் குளிர் விடட்டும் என்று எழுப்பித் திருப்பி விட்டபோது அவளுக்குத் தானாக உதித்தது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கடைசி வரிசை கேலிகூட அவளுடையதுதான், அதற்கு முன்னால் விடுகிற அந்தக் கொஞ்ச இடைவெளி உள்பட. பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் என்று புகார் வந்தது, பாடம் முடியவில்லை என்று கெடுபிடி வந்தது, கேமரா வந்தது. எந்த வருஷம் இதை விட்டோம் என்று டீச்சர் யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. விட்டது தெரியாமலே விட்டிருக்கிறாள்.

மகள் வாயில் தன் பழைய குரலைக் கேட்டதில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. பெற்ற பெண்மேல் பொறாமையா என்று கேட்காதீர்கள். அது மகள்மேல் வந்த பொறாமை இல்லை, தன்மேலேயே வந்தது.

மதியம் இரண்டு பேரும் லேபுக்குப் பின்னால் இருக்கிற மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். இத்தனை வருஷம் கழித்து அது எப்படி ஞாபகம் இருந்தது என்று டீச்சர் கையாலேயே கேட்டாள்.

உன் வகுப்பில் நடந்த எல்லாமே ஞாபகம் இருக்கிறது என்றாள் மகள்.

டீச்சர் போனை எடுத்து, 'உனக்குத்தான் அப்போது கணக்கே வராதே' என்று தட்டினாள்.

நடந்தது இதுதான். ஏழாம் வகுப்பில் மகள் அவளிடமே படித்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அம்மா என்று கூப்பிடக்கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிடவேண்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். அந்தச் சட்டப்படி தினமும் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை உயரும். 'மிஸ், ஒரு டவுட்.' மொத்த வகுப்புக்கும் புரிந்த விஷயம் கணக்கு டீச்சரின் மகளுக்கு மட்டும் புரியாது. டீச்சர் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பச் சொல்லிக்கொடுப்பாள். மறுநாள் மறுபடி டவுட். டீச்சருக்கு மானமே போயிற்று. கடைசியில் அடுத்த தெருவில் ஒரு டியூஷன் சாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மகள் பிற்பாடு கணக்கிலேயே பட்டம் வாங்கியதும், என் பொண்ணே மக்குதான், டியூஷன் வைத்துத் தேற்றினேன் என்று பெற்றோர் கூட்டங்களில் உதாரணம் காட்டவும் ஆரம்பித்துவிட்டாள்.

மகள் போனைப் படித்துவிட்டு டப்பாவை மூடினாள்.

"எனக்கு டவுட்டே இருந்ததில்லம்மா."

டீச்சர் புரியாமல் பார்த்தாள்.

"வீட்டுக்கு வந்தா நீ பேச மாட்ட. கைய ஆட்டுவ. கிளாஸ்ல டவுட்னு சொன்னா எம்பக்கத்துல வந்து நிப்ப. என்னைப் பாத்து, முழுசா, மெதுவா பேசுவ. அதுக்குத்தான் கை தூக்குவேன்."

படிக்கட்டில் யாரோ இறங்கிப் போனார்கள். மகள் அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு டியூஷன் கதையையும் சொன்னாள். அங்கே கணக்கைச் சுலபமாகப் போட்டால் சார் அம்மாவிடம் சொல்லிவிடுவாரே என்று பயமாம். அதனால் அவரிடமும் தெரியாத மாதிரி நடித்தாளாம்.

"தப்பாப் போடறதுக்கு மொதல்ல சரியான விடை தெரியணும்மா. அப்படித் தப்புத் தப்பாப் போட்டே எனக்குக் கணக்கு நல்லா வந்துருச்சு."

டீச்சர் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எப்போது அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. பாவம், அந்த மனுஷர் எத்தனை சாயங்காலம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாரோ. இந்தப் பெண் எத்தனை நாள் அம்மாவைப் பேசவைக்க மக்குப் பட்டம் சுமந்தாளோ. நல்ல டீச்சராக இருந்ததற்குப் பெருமைப்படுவதா, வீட்டில் ஒரு வார்த்தை மிச்சம் வைக்காததற்குத் தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. மகளின் கன்னத்தில் கை வைத்தாள். அந்தக் கையில் சாக்பீஸ் தூள் இருந்தது.

"விட்டுரும்மா," என்றாள் மகள். "போதும். இனிமே வீட்டுல பேசு."

டீச்சர் தலையை ஆட்டினாள். அந்த நிமிஷம் மனப்பூர்வமாகத்தான் ஆட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியட் வேறொரு பிரிவு. அதே பாடம். மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் டீச்சர் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்தி எல்லாரையும் எழுப்பினாள். ஜன்னலைக் காட்டினாள். விரலைச் சுழற்றினாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பிறகு திரும்பினார்கள். மறுபடி சுழற்றினாள், மறுபடி திரும்பினார்கள். சத்தமே இல்லாமல் ஒரு வகுப்பு முழுக்க அவள் விரலோடு சுற்றியது. கடைசி வரிசைப் பையன் ஒருவன் வேண்டுமென்றே மூன்றாவது தடவை திரும்பி நின்றான். டீச்சர் இடுப்பில் கை வைத்து அவனை முறைக்க, அறையே சிரித்தது.

கத்தவில்லை. கத்தாமலே நடந்தது.

அப்போதுதான் அவள் மனசு புரண்டது. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று கிடைக்கிறதாம், டாக்டரே சொல்லியிருந்தார். இன்னும் ஒரே ஒரு வருஷம். இப்போதிருக்கிற இந்த எரிச்சல்காரியாக இந்த அறையை விட்டுப் போவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. போவதென்றால் அந்தப் பழைய டீச்சராகத் திரும்ப ஒரு தடவை இருந்துவிட்டுப் போகவேண்டும்.

மகளுக்குக் கொடுத்த தலையாட்டல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால், குரூப்பில் வந்த செய்திகளை வாங்கி வாங்கியே அது உயிரை விட்டிருந்தது. பெரிய மிஸ்ஸிடம் சொல்லும்போது அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கோழைத்தனம்தான். மகளின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளுக்குப் பயம்.

பெரிய மிஸ்ஸின் அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. அதில் அடுத்த வருஷத்து டைம் டேபிள் கட்டம் கட்டமாக. ஒவ்வொரு ஆசிரியருக்கும் பெயருக்குப் பதிலாக இரண்டு எழுத்து. கணக்குக் கட்டங்களில் டீச்சரின் இரண்டு எழுத்து இப்போதே எழுதப்பட்டிருந்தது. பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன் என்றார் பெரிய மிஸ்.

வகுப்பில் சத்தம் கிளம்பியதற்குத் திட்டு விழும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். அவரோ, வராந்தாவில் நின்று பார்த்தேன், இந்தக் கட்டடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று என்றார். உட்காரச் சொன்னார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க? மகளே, அம்மா சொல்றத நீ சொல்லு."

டீச்சர் ஒரு விரலை உயர்த்தினாள். இன்னும் ஒரு வருஷம். உயர்த்திய விரலால் பலகையில் இருந்த தன் எழுத்தையும் காட்டினாள்.

காலையிலிருந்து அவள் கை அசைந்த ஒவ்வொரு அசைவையும் பிசகாமல் சொன்னவள் மகள். இந்த விரலை மட்டும் அவள் நீண்ட நேரம் பார்த்தாள்.

"ஒரு மாசம் போதும்னு சொல்றாங்க," என்றாள் மகள். "இந்தப் பரீட்சையோட முடிச்சுக்கறாங்களாம். பேர எடுத்துருங்கன்னு சொல்றாங்க."

டீச்சரின் விரல் உயர்ந்தபடியே நின்றது. அவள் மகள் பக்கம் திரும்பினாள். மகள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டாளா? இந்தக் கையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கா இந்தக் கை புரியவில்லை?

பெரிய மிஸ் பெருமூச்சு விட்டார். இவ்வளவு வருஷம் இருந்தவர், போகாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் தொண்டையைப் பார்த்தால் எந்த வாயால் சொல்வேன் என்றார். எழுந்துபோய்த் துணியை எடுத்து, கணக்குக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். டீச்சர் மறுத்துத் தலையசைத்தாள். பலகைப் பக்கம் திரும்பி நின்றவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டியவள் பார்க்காத மாதிரி நின்றாள்.

கடைசிக் கட்டமும் வெள்ளையானது. பெரிய மிஸ் மார்க்கரின் மூடியைக் கழற்றி மகளிடம் நீட்டினார்.

"இன்னைக்குப் பாத்ததுக்கு அப்புறம் நான் வேற ஆள் தேடறதா இல்ல. உன் எழுத்த நீயே போடறியா?"

மகள் முகத்தில் திகைப்பு வந்தது. ஆனால் திகைப்பு வருவதற்கு முன்னாலேயே அவள் கை நீண்டு மார்க்கரை வாங்கிவிட்டது. அந்தக் கையில் இருந்த ஆசையை டீச்சர் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சாக்பீஸைப் பிடித்த தன் கையில் இருந்த அதே ஆசை. மகளின் இந்தத் தொண்டையும் ஒருநாள் காய்த்துப்போகுமே.

"வேணாம்."

பாதி காற்றும் பாதி கரகரப்புமாக அந்தச் சொல் வெளியே வந்து விழுந்தது. டாக்டர் சொன்னது, தொண்டைக்குள் கிழிகிற வலி, எல்லாம் அப்புறம்தான் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

பெரிய மிஸ் துணியோடு திரும்பினார். துடைத்த கட்டங்களையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எது வேணாம்? நீங்க போறதா, அவ வர்றதா?"

மகளும் அதற்குத்தான் காத்திருந்தாள், மார்க்கரை விடாமல் பிடித்துக்கொண்டு. டீச்சர் வாயைத் திறந்தாள். இரண்டாவது வார்த்தைக்கு அவளிடம் குரல் இல்லை.